கல்லீரலுக்குப் பரவிய குடல் புற்று: வயிறு திறந்தா, துளை வழியா?

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றில் ஒரு சாணுக்கு மேல் தையல் போட்டவர் அந்த வளைவுகளில் பேருந்தில் போய் வருவதை நினைத்துப் பார்த்தால், அறுவை சிகிச்சை நிபுணர்கள் முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் விவாதம் ஒன்று வாழவந்தி மாதிரியான சேர்வராயன் மலைக் கிராமத்துக்கும் சம்பந்தப்பட்டதுதான் என்று புரியும். பெருங்குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய புற்றை வெட்டி எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டுமா, நாலைந்து துளை போட்டுக் கேமரா வழியாகச் செய்தால் போதுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டி இருக்கும் இடம் ஒத்துவந்து, பழகிய கையும் கிடைத்தால் துளை வழியே நல்லது. ஆனால் இடம் ஒத்துவருகிறதா என்று யார் பார்ப்பது, பழகிய கை எங்கே கிடைக்கும் என்பது தெரியாவிட்டால் இந்த முடிவால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. ஆகவே கொஞ்சம் சுற்றிவரத்தான் வேண்டும்.

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. சாப்பாட்டிலிருந்து உறிஞ்சியதைச் சுமந்துகொண்டு போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பெருங்குடல் கட்டியிலிருந்து உதிரும் புற்றணுக்களும் அதே வழியில் வந்து, கல்லீரலின் நுண்குழாய்களில் சிக்கி, அங்கேயே வேர்விடுகின்றன. பெருங்குடல் புற்று கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கல்லீரலிலும் கட்டி இருக்கும். இன்னும் சிலருக்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைகாட்டும்.

மேல்நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்தப் புற்று குறைவு. இருந்தும் 2022-க்கான உலக மதிப்பீட்டின்படி ஆண்டுக்குச் சுமார் 70,000 இந்தியர்களுக்கு இது புதிதாக வருகிறது. நம்மிடம் இருக்கும் பெரிய சிக்கல் தாமதம். மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். களிம்பு, நாட்டு மருந்து, காரம் குறைத்த சாப்பாடு என்று ஆறு மாதம் ஓடிவிடும். பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்தால் ரத்தம் கண்ணுக்கே தெரியாது. சோர்வும் ரத்தசோகையும் மட்டும் தெரியும். தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ரத்தசோகை என்றால் சத்துக்குறைவு, கொக்கிப்புழு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு, மாதவிடாய் நின்ற பிறகும் ரத்தம் குறைந்துகொண்டே வந்தால், அந்த ரத்தம் எங்கே போகிறது என்று யாராவது கேட்க வேண்டும். கேட்காமல் விடும் மாதங்களில்தான் பல பேருக்கு நோய் கல்லீரலுக்கு ஏறுகிறது.

அப்படி ஏறிவிட்டால் அதற்கு நாலாம் ஸ்டேஜ் என்று பெயர். இந்தச் சொல்லைக் கேட்டதும் குடும்பம் உடைந்துபோகிறது. 'இனி ஒன்றும் செய்வதற்கில்லை' என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. மற்ற பல புற்றுகளில் நாலாம் ஸ்டேஜ் என்பதற்கு அந்தப் பொருள்தான். குடல் புற்று கல்லீரலில் மட்டும் நிற்கும்போது கதை வேறு. வெறும் கீமோவோடு நிறுத்தினால் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கல்லீரல் கட்டிகளை முழுமையாக வெட்டி எடுத்தால், நல்ல மையங்களில், ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். சிலருக்கு நோய் திரும்பவே திரும்புவதில்லை. எல்லோருக்கும் வெட்ட முடியாது என்பது உண்மைதான். முதல் ஸ்கேனில் ஐந்தில் ஒருவருக்குத்தான் வெட்டக்கூடிய நிலை இருக்கும். கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி இன்னும் சிலரை அந்த நிலைக்குக் கொண்டுவரலாம்.

முன்பெல்லாம் மூன்று கட்டிக்கு மேல் இருந்தால் கை வைக்க மாட்டார்கள். கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்பார்கள். இப்போது எத்தனை கட்டி என்று எண்ணுவதைவிட, எடுத்த பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்றே கணக்குப் போடுகிறார்கள். கல்லீரல் எட்டுப் பகுதிகளாக இயங்குகிறது என்று பிரான்சின் குய்னோ 1957-இல் வகுத்துக் காட்டினார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி ரத்த வரவு, தனிப் பித்தக் குழாய். அதனால் ஒரு பகுதியை எடுத்தால் பக்கத்துப் பகுதி பிழைத்துக்கொள்ளும். நல்ல கல்லீரலில் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினாலே போதும்; சில வாரங்களில் பருத்து ஈடுகட்டிவிடும். நீண்ட கீமோ வாங்கிய கல்லீரலுக்கு 30 சதவீதமாவது வேண்டும். சிரோசிஸ் வந்த கல்லீரலுக்கு 40. கட்டியைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் சுத்தமான விளிம்பு கிடைத்தால் போதும் என்ற அளவுக்கு நிபுணர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள். கல்லீரலைச் சேமிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு மூன்றில் இரண்டு பேருக்கு நோய் எங்கேயாவது திரும்புகிறது. அது கல்லீரலிலேயே திரும்பினால் இரண்டாவது முறை வெட்ட மிச்சம் இருக்க வேண்டும்.

சரி, எப்படி வெட்டுகிறார்கள்?

ஓப்பன் முறையில் நெஞ்செலும்பின் கீழிருந்து நடுவயிற்றில் இறங்கி, அங்கிருந்து வலப்பக்க விலாவுக்குக் கீழாகத் திரும்பும் கீறல் வழக்கம். வயிற்றுச் சதைகள் அறுபடும். இரும்புக் கொக்கிகளால் விலாவைத் தூக்கிப் பிடித்துக் கட்டிவிட்டு, நிபுணர் இரண்டு கையாலும் கல்லீரலைத் தடவிப் பார்ப்பார். கல்லீரலின் மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து உள்ளே தேடுவார். வெளி ஸ்கேனில் தெரியாத சின்னக் கட்டி இங்கே அகப்படுவதுண்டு. பிறகு கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தை நாடாவால் இறுக்கிப் பதினைந்து நிமிடம் நிறுத்துவது, ஐந்து நிமிடம் விடுவது, மறுபடி நிறுத்துவது. 1908-இல் பிரிங்கிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கல்லீரல் காயங்களில் ரத்தத்தை நிறுத்தக் காட்டிய வழி, இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. கல்லீரலைக் கத்தியால் ஒரே வீச்சில் அறுப்பதில்லை. ஒலியதிர்வால் சதையைக் கரைத்து உறிஞ்சும் கருவி ஒன்று இருக்கிறது. அது போன இடத்தில் கல்லீரல் சதை கரைந்துபோய், ரத்தக் குழாய்களும் பித்தக் குழாய்களும் மட்டும் நூல் நூலாக நிற்கும். ஒவ்வொரு நூலாகக் கட்டி அல்லது கிளிப் போட்டு அறுத்துக்கொண்டே போக வேண்டும். பொறுமை கெட்டால் ரத்தம் நிற்காது.

லேப்ராஸ்கோப்பி எனப்படும் துளை முறையில் இதே வேலைதான், உள்ளே போகும் வழிதான் வேறு. வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி உப்பச் செய்கிறார்கள். 5 முதல் 12 மில்லிமீட்டர் அகலத்தில் நாலைந்து துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் நீளக் கம்பி போன்ற கருவிகள். நிபுணர் நோயாளியின் வயிற்றைப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் திரையைப் பார்க்கிறார். வாயுவின் அழுத்தமே சிறு சிரைகளின் கசிவைக் கொஞ்சம் அமுக்கிவைக்கிறது என்பது இந்த முறையின் எதிர்பாராத வரவு. கேமரா கீழிருந்து மேலே பார்ப்பதால், கல்லீரலுக்குப் பின்னால் ஓடும் பெருஞ்சிரையும் திறந்த வயிற்றில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரியும். வெட்டிய துண்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டி, பெண்களுக்கு சிசேரியன் தையல் போடும் இடத்தில், அதைவிடச் சின்னக் கீறல் வழியாக வெளியே எடுக்கிறார்கள். நிபுணர் இழப்பது விரல். தொட்டுப் பார்க்க முடியாது. அல்ட்ராசவுண்ட் ஒன்றே விரலுக்கு மாற்று.

துளை முறை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. ஜெர்மனியில் எரிக் மூஹே 1985-இல் பித்தப்பையை இப்படி எடுத்தார். மும்பையில் டெம்டன் உத்வாடியா 1990-இல் தொடங்கினார். அடுத்த ஆண்டே கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு ஆரம்பித்துவிட்டார், அவருடைய ஜெம் மருத்துவமனைக்கு லேப்ராஸ்கோப்பி கற்க வெளிநாட்டு நிபுணர்களும் வந்து போகிறார்கள். பித்தப்பையில் பத்தே ஆண்டில் உலகம் முழுக்க வழக்கமாகிவிட்ட முறை, கல்லீரலில் மட்டும் தயங்கித் தயங்கித்தான் நுழைந்தது. கல்லீரல் என்றால் ரத்தம். கிழிந்த சிரை வழியாக வாயு இதயத்துக்குப் போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம், துளைகளில் புற்றணு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் மறுபக்கம். விரலுக்குத் தட்டுப்படாமல் ஒரு கட்டி தப்பிவிட்டால்? 2008-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் நிபுணர்கள் கூடி, கரையோரப் பகுதிகளில் இருக்கும் சின்னக் கட்டிகளுக்குச் சரி என்று மெல்ல ஒப்புக்கொண்டார்கள். 2017-இல் சவுத்தாம்ப்டனில் கூடியபோதுதான் முழு வழிகாட்டு நெறிகள் வந்தன.

தயங்கியவர்களைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்று அதற்குச் சாட்சி. துளை முறையும் திறந்த முறையும் ஒன்றுதான் என்று பல ஆண்டுகள் நம்பி, ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் துளை வழியே கர்ப்பப்பையை எடுத்தார்கள். 2018-இல் 631 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. நாலரை ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86. வலி குறைவு, தழும்பு சிறிது, ஆனால் உயிர் நஷ்டம். மருத்துவ உலகம் அதிர்ந்துபோனது. ஒரு உறுப்பில் நல்லது இன்னொரு உறுப்பிலும் நல்லது என்று ஊகிக்கக் கூடாது, அந்தந்த உறுப்பில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும் என்ற பாடம் விலை கொடுத்து வந்தது.

கல்லீரலில் அந்தச் சோதனையை முதலில் முறையாகச் செய்தவர்கள் நார்வேக்காரர்கள். ஆஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையில் பியோர்ன் எட்வின் குழு 2012 பிப்ரவரியிலிருந்து 2016 ஜனவரிவரை 280 நோயாளிகளைச் சேர்த்தது. 133 பேருக்குத் துளை, 147 பேருக்குத் திறப்பு. யாருக்கு எது என்பதை நிபுணரும் நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை, குலுக்கல்தான் தீர்மானித்தது. ஆஸ்லோ-கோமெட் என்று பெயர் பெற்ற அந்த ஆய்வில், அறுவைக்குப் பிறகு சிக்கல் வந்தவர்கள் திறந்த முறையில் 31 சதவீதம், துளை முறையில் 19. மருத்துவமனையில் இருந்த நேரம் 96 மணிக்கு எதிராக 53 மணி. அறுவைக்கு எடுத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, மொத்தச் செலவிலும் இல்லை.

உயிர்க் கணக்கு 2021-இல் வந்தது. ஐந்து ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் துளை முறையில் 54 சதவீதம், திறந்த முறையில் 55. பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 80 மாதம், 81 மாதம். கர்ப்பப்பை வாயில் நடந்தது இங்கே நடக்கவில்லை என்று நிபுணர்கள் பெருமூச்சு விட்டது இந்த எண்களைப் பார்த்துத்தான்.

இருந்தாலும் கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டும். 280 பேர் என்ற எண்ணிக்கையைச் சிக்கல்களை ஒப்பிடுவதற்காகத்தான் தீர்மானித்தார்கள். உயிர்க் கணக்குக்கு அது சிறியது. எண்கள் ஒன்றுபோல் இருந்தாலும், உண்மையான வித்தியாசம் எந்தப் பக்கமும் பத்துச் சதவீதத்தைத் தாண்டிக்கூட இருக்கலாம் என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. எல்லாம் ஒரே மருத்துவமனையில் நடந்தது. பாதிக் கல்லீரலை எடுக்க வேண்டிய நோயாளிகளை அதில் சேர்க்கவே இல்லை. ஸ்பெயினின் முர்சியாவில் 193 பேரிடம் நடந்த இன்னொரு குலுக்கல் ஆய்வும் 2019-இல் இதையே சொன்னதால் நம்பிக்கை கூடுகிறது: சிக்கல்கள் 23.7 சதவீதத்திலிருந்து 11.5-க்கு இறங்கின, உயிர்க் கணக்கு மாறவில்லை. பாதிக் கல்லீரல் எடுக்கும் பெரிய அறுவைக்கு ஐரோப்பாவின் 16 மையங்கள் சேர்ந்து நடத்திய ஆரஞ்ச் டூ பிளஸ் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. அங்கே நடமாடித் தேறுவதற்கு ஐந்து நாளுக்குப் பதில் நான்கு நாள். லாபம் இருக்கிறது, ஆனால் சிறியது. வெட்டு பெரிதாகப் பெரிதாகத் துளையின் அனுகூலம் சுருங்குகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. துளை முறையில் ஆயுளே கூடுகிறது என்று பழைய பதிவேடுகளைத் தொகுத்த ஒரு பெரிய கணக்கும் உண்டு. எளிதான நோயாளிகளைத் துளைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ஒப்பிட்டால் அப்படித்தான் வரும். நான் அதற்கு அதிக எடை கொடுக்க மாட்டேன்.

எல்லா ஆய்வுகளிலும் சொல்லாமல் விடப்படும் விஷயம் கை. இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது, கல்லீரலுக்குப் பக்கத்து உறுப்பில். கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் விப்பிள் அறுவை வயிற்று அறுவைகளிலேயே கடினமானது. அதைத் துளை வழியாகவும் திறந்தும் செய்து ஒப்பிட்ட குலுக்கல் ஆய்வை உலகில் முதலில் வெளியிட்டவர்களில் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனைக் குழுவும் உண்டு. 2017-இல் வந்த அந்த ஆய்வில் 64 நோயாளிகள். மருத்துவமனை வாசம் 13 நாளிலிருந்து 7 நாளாகக் குறைந்தது, ஆபத்தும் கூடவில்லை. அதே அறுவையை நெதர்லாந்தில் நாலு மையங்களில் சோதித்தார்கள். நடுவிலேயே ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. 90 நாளுக்குள் சிக்கலால் இறந்தவர்கள் துளை முறையில் 50-க்கு 5, திறந்த முறையில் 49-க்கு 1. கருவி ஒன்று, புத்தகத்தில் இருக்கும் முறையும் ஒன்று, டச்சு மருத்துவமனைகள் வசதியில் எதற்கும் குறைந்தவையும் இல்லை. கோயம்புத்தூரில் அந்தக் கைகளுக்கு இருபது ஆண்டுப் பழக்கம் இருந்தது. ஆஸ்லோவிலும் ஆய்வு தொடங்குவதற்கு முன்பே சில நூறு கல்லீரல்களைத் துளை வழியே வெட்டியிருந்தார்கள். கல்லீரலில் சிறு வெட்டுகளுக்கே ஏறக்குறைய 60 அறுவை செய்த பிறகுதான் கை படியும் என்று பிரெஞ்சுக் குழு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. ஆகவே 'இங்கே லேப்ராஸ்கோப்பி இருக்கிறதா' என்று கேட்பதில் பொருளில்லை, பித்தப்பைக்கும் அப்பெண்டிக்ஸுக்கும் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறது. 'கல்லீரலை எத்தனை பேருக்கு வெட்டியிருக்கிறீர்கள்' என்று கேட்க வேண்டும். கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. நல்ல நிபுணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது மலைக்கு வருவோம். வாழவந்தியில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் 52 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நவம்பரில் தொடங்கி காபிப் பழம் பறிக்க வேண்டும், மூட்டை தூக்க வேண்டும். அது முடியும்போது மிளகு. சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, இடுப்பில் கட்டிய பையில் ஒரு கையால் சரம் சரமாகப் பறிக்கும் வேலை முழுக்க முழுக்க வயிற்றுத் தசையின் வேலை. பெரிய கீறல் போட்டவருக்கு மூன்று மாதமாவது பாரம் தூக்கக் கூடாது என்பார்கள். தையல் போட்ட இடம் பலவீனப்பட்டு ஹெர்னியா வந்தால் ஏணி வாழ்க்கையே முடிந்தது. நார்வேயில் மாதச் சம்பளத்தோடு விடுப்பில் இருப்பவருக்கு 53 மணிக்கும் 96 மணிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு இரவு. இங்கே நோயாளியோடு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இரண்டு பேர் கூலி போகும், பெரும்பாலும் குடும்பத்தின் மொத்த வருமானமே அதுதான். துளை முறையின் லாபம் ஐரோப்பியரைவிட இவருக்குத்தான் அதிகம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு லாபத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கல்லீரல் அறுவைக்குப் பிறகு பலருக்கு கீமோ தொடர வேண்டும். புண்ணில் சீழ் பிடித்தால் கீமோ தள்ளிப்போகும். சீக்கிரம் எழுந்து நடப்பவர் சீக்கிரம் கீமோவுக்கு வருவார். நோய் கல்லீரலில் திரும்பி மறுபடி வெட்ட நேர்ந்தாலும், துளை முறையில் போனவருக்கு வயிற்றுக்குள் ஒட்டுதல்கள் குறைவாக இருக்கும். இரண்டாவது முறை போகும் நிபுணருக்கு அது பெரிய உதவி.

செலவுக் கணக்கில் மட்டும் நார்வேயை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கருவிக்கு ஆன கூடுதல் செலவை, குறைந்த படுக்கை நாட்கள் ஈடுகட்டின. அங்கே படுக்கைதான் விலை உயர்ந்தது. நம் ஊரில் படுக்கை மலிவு. ஒரு முறை பயன்படுத்தி எறியும் ஸ்டேப்ளர் தோட்டாக்களும் கிளிப்புகளும்தான் விலை. தனியார் மருத்துவமனை ரசீதில் துளை முறை அதிகமாகவே வரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். அறுவைக்குக் காப்பீடு ஒப்புக்கொண்ட பிறகு, 'கருவிக்குத் தனியாக இவ்வளவு' என்று கேட்டால், அந்தக் கூடுதலுக்காகத் தோட்டத்துக்காரரிடம் முன்பணம் வாங்கிக் கடனில் விழாதீர்கள். திறந்த அறுவையும் அதே ஆயுளைத்தான் தருகிறது என்பதை மேலே உள்ள எண்கள் காட்டுகின்றன.

திறப்பே சரியான வழியாக இருக்கும் நோயாளிகளும் பலர். கல்லீரலின் மூன்று சிரைகள் பெருஞ்சிரையில் சேரும் இடத்தைத் தொட்டுக்கொண்டு கட்டி இருந்தாலோ, பித்தக் குழாயை எடுத்துவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டியிருந்தாலோ, இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு கட்டிகள் சிதறிக் கிடந்தாலோ விரல் உள்ளே போவதுதான் நல்லது. கல்லீரலின் இடது ஓரமும் கீழ்ப்பகுதியும் கேமராவுக்கு எளிது; உதரவிதானத்தை ஒட்டிய மேல்-பின் மூலை, அதாவது ஏழாம் எட்டாம் பகுதிகள், மிகத் தேர்ந்தவர்களுக்கே சவால். துளையில் தொடங்கி நடுவில் வயிற்றைத் திறக்க நேர்வதும் உண்டு. குடும்பத்தார் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரத்தம் கட்டுக்கடங்காதபோது திறக்காமல் பிடிவாதம் பிடிப்பவரைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

துளையும் வேண்டாம், திறப்பும் வேண்டாம் என்று மூன்றாவது போட்டியாளர் வந்திருக்கிறார்: ஊசி. கட்டிக்குள் ஊசியைச் செருகி மைக்ரோவேவ் வெப்பத்தால் பொசுக்குவது. 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளில் அறுவைக்கு இது குறைந்ததில்லை என்று நெதர்லாந்து தலைமையிலான கொலிஷன் ஆய்வு காட்டியிருக்கிறது. அதில் 300 நோயாளிகள். மருத்துவமனை வாசம் நான்கு நாளுக்குப் பதில் ஒரு நாள், சிக்கல்களும் மிகக் குறைவு. சின்னக் கட்டிகளைப் பொறுத்தவரை, துளையா திறப்பா என்ற பழைய விவாதமே சில ஆண்டுகளில் அர்த்தம் இழந்துவிடலாம். மறுகோடியில், வெட்டவே முடியாத கல்லீரலை முழுதாக மாற்றிவிடும் முயற்சியும் நடக்கிறது. 2024-இல் வெளியான டிரான்ஸ்மெட் ஆய்வில், கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளில் மாற்றுக் கல்லீரலோடு கீமோவும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு வாழ்ந்தார்கள்; கீமோ மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதம். தானக் கல்லீரலுக்குக் காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கும் நாட்டில் இது இப்போதைக்கு மிகச் சிலருக்கே.

சேர்வராயனில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்ததால் ஒரு இடைச்செருகல். பரவிய பெருங்குடல் புற்று உள்ள 1,171 அமெரிக்க நோயாளிகளைக் கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், காபி குடிப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள். காபிதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. நன்றாக இருப்பவர்களே காபி குடிக்கும் நிலையில் இருப்பார்கள். நோயாளி காபி கேட்டால் மறுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

நடைமுறையில் மிகப் பெரிய தவறு, துளையா திறப்பா என்ற கேள்விக்கு வருவதற்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது. கல்லீரலில் கட்டி என்றதும், கல்லீரல் அறுவை நிபுணர் ஒருவர்கூட ஸ்கேனைப் பார்க்காமல் கீமோ ஆரம்பித்துவிடுவதுதான் அது. கீமோ தவறில்லை. ஆனால் எத்தனை சுற்று, எப்போது நிறுத்தி வெட்டுவது என்பதை இரண்டு பேரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். ஆக்ஸாலிபிளாட்டின் கல்லீரலின் நுண்குழாய்களைக் கெடுக்கும். இரினோடிகான் கல்லீரலில் கொழுப்பை ஏற்றும். சுற்றுகள் கூடக் கூட, மிஞ்சப்போகும் கல்லீரல் பலமிழக்கும். நன்றாக வேலை செய்த கீமோவிலும் ஒரு வம்பு உண்டு. சில கட்டிகள் ஸ்கேனிலிருந்தே மறைந்துவிடும். குடும்பம் மகிழ்ந்துபோகும். ஆனால் அப்படி மறைந்த இடங்களைப் பிரெஞ்சு நிபுணர்கள் ஆராய்ந்தபோது பெரும்பாலானவற்றில் புற்று உயிரோடுதான் இருந்தது. துளை வழியே போகும் நிபுணருக்குத் தொட்டுத் தேடவும் விரல் இல்லை.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கோயம்புத்தூரோ, வேலூர் சி.எம்.சி.யோ, சென்னையோ, எங்கே போனாலும் குடல் நிபுணர், கல்லீரல் அறுவை நிபுணர், கீமோ நிபுணர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஸ்கேனைப் பார்ப்பார்களா என்று முதல் நாளே கேளுங்கள். கீமோ தொடங்குவதற்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேனின் அறிக்கைத் தாள் மட்டும் போதாது. அந்தப் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, ஈரம் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கட்டி மறைந்துபோயிருந்தால், அது இருந்த இடத்தை நிபுணருக்குக் காட்ட அந்தத் தகடு ஒன்றுதான் இருக்கும்.